அளவுக்குள்

புனலூரில் கொடுத்த தாளில்
குத்தாலிங்கம் என்ற என்னைக்
குட்டிலிங்கம் என்று அடித்திருக்கிறார்கள்.
மற்றபடி பிழையில்லை.
டி.எஸ்.எச். இரண்டு புள்ளி ஒன்று.
எஃப்.டி.ஃபோர் ஒன்று புள்ளி ஆறு;
ஒன்று புள்ளி ஏழு வரை போகலாமாம்.
"நார்மல் ஆணு" என்றார் டாக்டர் ஷைனி.
"பட்சே" என்று நிறுத்தினார்.

கையில் ஒரு இரும்புப் பிடியைத் தந்து
அமுக்கச் சொன்னார். முள் பதினெட்டில் நின்றது.
பதினெட்டுக் கிலோ.
நாலு மீட்டர் கோடு போட்டு நடக்க விட்டார்.
கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து
ஐந்து தரம் எழச் சொன்னார்; மூன்றாவதில்
தொடை ரெண்டும் வேறு யாருடையதோ ஆகிவிட்டன.

நான் புளியரையில் எடைமேடை பார்த்தவன்.
முப்பத்தோரு வருஷம்.
கல், சிமெண்டு, வாழைத்தார், கோழித்தீவனம்,
மேற்கே போகிற எதுவும்
என் மேடையில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும்.
எண் விழும். கூடினால் ஓரங்கட்டு.
இல்லையென்றால் 'அளவுக்குள்' என்று எழுதுவேன்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம்.

ராத்திரி வண்டி ஓய்ந்த நேரம்
நானே ஏறி நிற்பதுண்டு.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
ஒரு நாள் அறுபது என்னும், மறுநாள் எண்பது.
எழுபது கிலோ குத்தாலிங்கத்தை
அது ஒரு நாளும் பார்த்ததில்லை.

கழுத்துச் சுரப்பி, என்றார் டாக்டர்.
நோய் இல்லை. அதனால் மாத்திரையும் இல்லை.
வயசான ஆம்பிளைகள் சிலருக்கு
இந்தச் சுரப்பு அளவின் மேல்விளிம்பிலேயே நின்றால்
உடம்பு தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்களாம்.
இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம்.
ஆறு மாசம் கழித்து மறுபடி ரத்தம்.

எனக்குப் புரிந்தது வேறு மாதிரி.
செக்போஸ்ட் வரிசையில் ஒரு லாரி.
ஓடவும் இல்லை, அணைக்கவும் இல்லை,
ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே நின்றால்
விடிவதற்குள் டீசல் முள் இறங்கியிருக்கும்.
எங்கேயும் போயிருக்காது.

கொல்லம் ரயிலில் திரும்பும்போது
மைதீன் பிச்சை ஞாபகம் வந்தான்.
கடையநல்லூர்க்காரன். வைக்கோல் லோடு.
என் கையெழுத்தோடு போனான்; அளவுக்குள்.
கோட்டைவாசல் தாண்டியதும் அந்தப் பக்கத்து மழை.
வழியெல்லாம் வைக்கோல்
குடித்துக்கொண்டே போயிருக்கிறது.
ஆரியங்காவுக்கு முந்திய வளைவில் சாய்ந்தது.

எட்டு மாசம் கழித்து
கம்பு ஊன்றி வந்தான். நனைந்து காய்ந்த சீட்டை
மேஜையில் வைத்தான். நான் பேசவில்லை.
"கணக்கு சரிதான் அண்ணாச்சி" என்றான்.
டீ வாங்கித் தந்தேன். குடித்துவிட்டுப் போனான்.

இப்போது ஊறுகாய் பாட்டில் மூடி
என் கைக்குத் திறப்பதில்லை.
உலகம்மாள் கேட்காமலே வாங்கித் திறக்கிறாள்,
எதையும் பார்க்காத மாதிரி தள்ளி வைக்கிறாள்.
ஐம்பத்தெட்டுக் கிலோ. அந்த மேடையில் ஏறினால்
அறுபது என்று காட்டும்,
கொஞ்சம் பெருந்தன்மையாக.

காலையில் இரண்டு முட்டை. சாயங்காலம்
நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, பத்து தரம்.
முருங்கைக்கீரை ஆய்ந்தபடி உலகம்மாள் எண்ணுகிறாள்.
நேற்று ஆறுக்குப் பிறகு எட்டு என்றாள்.

சீட்டில் ஒரு எண்ணை
கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் நான்.
முழங்கால் நடுங்க நின்றபடி அவளைப் பார்த்தேன்.
அவள் கீரைக்காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது" என்றாள்.
உட்கார்ந்தேன்.